பின்னால் வரும் வண்டிக்கு விளக்கு வேண்டும்

சங்கரன்கோவில் நான்கு திக்கிலிருந்தும் சாலைகள் வந்து கூடுகிற ஊர். வடக்கே ராஜபாளையம், கிழக்கே கழுகுமலை வழியாகக் கோவில்பட்டி, தெற்கே திருநெல்வேலி, மேற்கே புளியங்குடி என்று எப்பக்கம் திரும்பினாலும் பஸ்ஸும் லாரியும் இரவு பகல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆடித்தபசுக் காலத்தில் இந்தச் சாலைகளிலே ஜனங்கள் நடந்து வருகிறார்கள். திருச்செந்தூர் யாத்திரைக் காலத்தில் நடந்து போகிறார்கள். இப்போது சில வருஷங்களாக சைக்கிள்காரர்களும் கூட்டங் கூட்டமாகப் புறப்படுகிறார்கள். உடல் நலத்துக்காகச் செல்லும் வாலிபர்கள், விழிப்புணர்வுப் பேரணி என்ற பெயரில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகள், கொடியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் கட்சித் தொண்டர்கள் என்று இவர்கள் பலவகை. இவர்களுக்குத் துணையாக ஒரு வண்டியும் பெரும்பாலும் வருகிறது. அந்த வண்டியைப் பற்றியும், அதன் தலையில் இருக்கவேண்டிய ஒரு விளக்கைப் பற்றியுமே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இதெல்லாம் ஒரு தலையங்கத்துக்குரிய விஷயமா என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர்கள் ஒரு நாள் இரவு நமது பக்கத்துச் சாலையில் நின்று பார்க்கட்டும். கரிசல் காட்டிலே காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றுக்குரிய இறக்கைகளை நீண்ட பாரவண்டிகளில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்த இறக்கைக்கு முன்னே ஒரு காவல் வண்டி, பின்னே ஒரு காவல் வண்டி. விட்டு விட்டு எரியும் மஞ்சள் விளக்கு அரை மைலுக்கு அப்பாலேயே கண்ணில் படுகிறது. எதிரே வருபவன் ஒதுங்கி நிற்கிறான்; பின்னே வருபவன் வேகத்தைக் குறைக்கிறான். அந்த ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. நல்ல ஏற்பாடுதான். விலை உயர்ந்த சரக்கு. அதைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வேண்டியதுதான். ஆனால் அதே சாலையில், அதே இருட்டில், நாற்பது பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது அவர்கள் பின்னால் என்ன இருக்கிறது? ஒரு துணிப் பதாகையைத் தொங்கவிட்ட ஒரு வேன். அந்த வேனின் பின்விளக்கையும் அந்தப் பதாகையே மறைத்திருக்கிறது. காற்றாலை இறக்கைக்குக் கிடைக்கும் காவல் மனிதப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடாதா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

நாட்டின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் நேர்ந்த விபத்துக்களிலே மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து இலாகாவின் அறிக்கை கூறுகிறது. இவர்களில் 32,825 பேர் கால்நடையாகச் சென்றவர்கள். அதே வருஷத்தில் தேசத்திலேயே அதிகமான சாலை விபத்துக்கள் நடந்த ராஜ்யம் நமது தமிழ்நாடு. 64,105 விபத்துக்கள் நேர்ந்து 17,884 உயிர்கள் போயின. இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. விபத்துக்களை மோதும் விதத்தால் பிரித்துப் பார்த்தால், பின்னாலிருந்து மோதுவதுதான் முதலிடம் பெறுகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவ்விதம் நிகழ்கிறது. முன்னே வருவதை மனிதன் கண்ணால் பார்க்கிறான், பயந்து ஒதுங்குகிறான். பின்னே வருவதைப் பார்க்க அவனுக்குக் கண் இல்லை. ஆகவே, சாலையில் மெதுவாகச் செல்பவனுக்குப் பாதுகாப்பு முதுகுப் பக்கத்தில்தான் வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பஸ் வருகிறது. முன்னால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் கூட்டம் போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மணிக்கு 60 கிலோமீட்டர் வீதம், அதாவது வினாடிக்குப் பதினாறு பதினேழு மீட்டர் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. தாழ்த்திய முன்விளக்கின் வெளிச்சத்தில், கறுத்த சட்டை அணிந்த ஒருவனை 50 மீட்டரில் டிரைவர் கண்டுகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது மூன்று வினாடி. அதில் கண் கண்டதை மனம் அறிந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்று, ஒன்றரை வினாடி கழிந்துவிடும். மிச்சத்தில் பாரம் ஏற்றிய வண்டியை அவர் என்ன செய்வார்? எதிரே வேறு வண்டி வந்தால் எங்கே ஒதுக்குவார்? அதே டிரைவர் 300 மீட்டருக்கு அப்பால் உயரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்குவதைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பதினெட்டு வினாடி அவகாசம் இருக்கிறது. மூன்று வினாடிக்கும் பதினெட்டு வினாடிக்கும் உள்ள வித்தியாசம், ஒரு வீட்டில் பிள்ளை திரும்பி வருவதற்கும் வராமற் போவதற்கும் உள்ள வித்தியாசம். டிரைவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியது அவகாசம். அதைக் கொடுப்பது விளக்கு.

பகலிலே என்ன விளக்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாயங்காலம் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடிப் பக்கம் வண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் பதில் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே சாய்ந்த சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். முன்னால் போகும் சைக்கிள் அந்த வெளிச்சத்தில் கரைந்தே போய்விடும். காலையில் கிழக்கு நோக்கிச் செல்பவருக்கும் இதே கஷ்டம். மழைக் காலத்தில் ஐந்தரை மணிக்கே மங்கிவிடுகிறது. சைக்கிள் பேரணிகள் பெரும்பாலும் வெயிலுக்கு அஞ்சி விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலுமே நடைபெறுகின்றன என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். கண் ஏமாறுகிற நேரங்களும் அவையே.

நமது வழக்கத்தில் விளக்கே இல்லை என்று சொல்லமாட்டோம். விளக்கு ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. யாத்திரை வண்டியைப் பாருங்கள். பேரணி வண்டியைப் பாருங்கள். முன்பக்கத்தில் தலைவரின் படத்தைச் சுற்றிலும், சுவாமி படத்தைச் சுற்றிலும் பல வர்ண விளக்குகள் ஓடி விளையாடுகின்றன. ஒலிபெருக்கி ஊரை எழுப்புகிறது. வண்டியோ கூட்டத்துக்கு முன்னால் செல்கிறது. கூட்டத்தின் கடைசியில் யார் போகிறார்கள்? களைத்தவன், கால் வலிக்காரன், சங்கிலி கழன்ற பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவன், சின்னப் பையன். வலியவர்கள் முன்னே விளக்கோடு போகிறார்கள். எளியவர்கள் பின்னே இருட்டிலே வருகிறார்கள். ஒரு கூட்டத்தை நடத்துகிறவர்களுக்கு இது அழகல்ல. அலங்காரத்துக்கு முன்னால் ஒரு வண்டி வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். ஒரே வண்டிதான் உண்டென்றால் அது கடைசி மனிதனுக்குப் பின்னால் வரவேண்டும் என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

சைக்கிள் பந்தயத்துக்குப் பேர்போன பிரான்ஸ் தேசத்தில் இந்த உண்மையை வெகு நாட்களுக்கு முன்பே உணர்ந்துகொண்டார்கள். 1903-இல் ஆரம்பமான அந்நாட்டுப் பெரும் பந்தயத்தில், மலைவழி புகுந்த 1910-ஆம் வருஷத்திலேயே கடைசி வண்டி ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஓட்ட முடியாமல் பின்தங்குகிறவர்களை வாரி ஏற்றிக்கொண்டு வருவதால் அதற்குத் துடைப்ப வண்டி என்று பெயர் வைத்தார்கள். பந்தயம் இன்றைக்கும் அந்த வண்டியோடுதான் முடிகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் ஓட்டும் பந்தயம் ஒன்று 1982 முதல் நடந்து வருகிறது. அதில் இரவு நேரத்தில் ஓட்டுபவருக்குப் பின்னால், மஞ்சள் விளக்கு மினுங்க, மெதுவாகச் செல்லும் வண்டி என்பதைக் காட்டும் முக்கோண அடையாளத்தோடு துணை வண்டி வந்தே தீரவேண்டும். வண்டி நின்றால் சைக்கிளும் நிற்கவேண்டும் என்பது நிபந்தனை. நமது ராணுவ வைத்தியர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் 2017-இல் அந்தப் பந்தயத்தைத் தனியாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் என்ற கீர்த்தி பெற்றார். அவருடைய கால்களின் வலிமையை நாம் பாராட்டினோம். அவர் பின்னால் இரவெல்லாம் கண்விழித்து வந்த வண்டியைப் பற்றி யார் பேசினார்கள்?

நமது நாட்டில் சைக்கிள் இயக்கம் வளர்ந்துதான் வருகிறது. அறிஞர் அண்ணா பிறந்த தினத்தை ஒட்டி ராஜ்ய சர்க்காரின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஜில்லாக்கள் தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. 13 வயதுக்கு உட்பட்ட பையன்கள் 15 கிலோமீட்டரும், பெண்கள் 10 கிலோமீட்டரும் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளே போதும் என்பது விதி. ஏழைப் பிள்ளையும் கலந்துகொள்ளத்தக்க நல்ல ஏற்பாடு அது. 2025 மார்ச்சில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் கிழக்கும் மேற்குமாக இரு கடற்கரைகளின் வழியே சைக்கிளில் வந்து கன்னியாகுமரியில் கூடினார்கள். படைவீரர்களின் பயணத்துக்கும் சர்க்கார் போட்டிக்கும் காவலும் வண்டியும் கேளாமலே வந்து சேரும். நாம் கவலைப்படுவது அவர்களைப் பற்றி அல்ல. ஒரு கிராமத்து வாலிபர் சங்கம், ஒரு தெருவின் நண்பர் குழு, ஒரு கட்சியின் கிளை, ஒரு சிறு பள்ளிக்கூடம் தாமாகவே ஏற்பாடு செய்யும் பயணங்களைப் பற்றியே நம் கவலை. அவர்களுக்கு எவரும் வழி சொல்வதில்லை.

ஆகவே, துணை வண்டியை எவ்விதம் ஆயத்தம் செய்வதென்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். முதலாவது, விளக்கு வண்டியின் உச்சியில் இருக்கவேண்டும். எல்லா மோட்டார்களிலும் நான்கு திசைகாட்டி விளக்குகளையும் ஒருசேர மினுக்கும் வசதி உண்டு. அது நல்லதே, ஆனால் போதாது. அவை தாழ்வாக இருக்கின்றன. பின்னால் ஒரு கார் வந்துவிட்டால் அதற்குப் பின்னே வரும் லாரிக்காரருக்குத் தெரிவதில்லை. அவை மினுங்கும்போது வண்டி எப்பக்கம் திரும்பப் போகிறதென்று காட்டவும் வழியில்லை. கூரைமேல் வைத்த விளக்கு இந்தக் குறைகளை நீக்கும். கூரையில் உபரி சைக்கிள்களையும் மூட்டைகளையும் ஏற்றி அதே விளக்கை மறைத்துவிடும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். பாரம் கூரையில் ஏறினால் விளக்கு அதற்கும் மேலே நிற்கும்படி ஒரு தாங்கி செய்து பொருத்தவேண்டும். ஒலிபெருக்கிக் குழலும் பதாகையும் விளக்குக்குப் பின்னால் வரவே கூடாது.

இரண்டாவது, நிறம். நீலமும் சிவப்பும் கலந்த விளக்கு போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் உரியது. அதை மற்றவர்கள் வைத்துக்கொள்வது சட்டத்துக்கு விரோதம், நியாயத்துக்கும் விரோதம். உயிரைக் காக்க ஓடும் வண்டிக்கு ஜனங்கள் விலகவேண்டும். எல்லா வண்டியிலும் அந்த நிறம் மினுங்கினால் எதற்கும் எவரும் விலகமாட்டார்கள். முன்னே மெதுவான வண்டி போகிறது, நிதானம் என்று சொல்லும் நிறம் உலகெங்கும் செம்மஞ்சளே. நமது துணை வண்டிக்கும் அதுவே தகும். வெள்ளை விளக்கைப் பின்பக்கம் காட்டுவது மிகவும் தவறு. பின்னே வருபவர் அதை எதிரே வரும் வண்டி என்று எண்ணிக் குழம்புவார்.

மூன்றாவது, மினுங்கும் வேகமும் வெளிச்சத்தின் அளவும். கடைகளில் கிடைக்கும் சில விளக்குகள் இடைவிடாமல் வெட்டி வெட்டி எரிந்து கண்ணைப் பறிக்கின்றன. ஐக்கிய நாடுகளின் 65-வது வாகன ஒழுங்குமுறையிலே எச்சரிக்கை விளக்கு வினாடிக்கு 2 முதல் 4 முறைதான் மினுங்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். பகலுக்குப் போதுமான வெளிச்சம் இரவுக்கு மிகை. பகல், இரவு என்று இரண்டு அளவு கொண்ட விளக்கே வாங்கத்தக்கது. எச்சரிப்பதற்காக வைத்த விளக்கு டிரைவரின் கண்ணைக் கூசச் செய்து, அருகே செல்லும் சைக்கிளை மறைத்துவிடுமானால் அது விளக்கல்ல, விபத்துக்கு அழைப்பு.

நான்காவது, மின்சாரத் தொடர்பு. உள்விளக்கின் கம்பியைக் கீறி அதில் ஒட்டுப்போட்டு விளக்கெரிக்கும் வழக்கம் நம்மவரிடம் மிகுதி. நடுவழியில் கம்பி உருகி, வண்டியில் உள்ள எல்லா விளக்கும் ஒருசேர அவிந்து போவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே உரிய அளவுள்ள ஃபியூஸ் வைத்து, டிரைவரின் கைக்கு எட்டும்படி தனி சுவிட்ச் போடவேண்டும். எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. 60 வாட் விளக்குப் பட்டைகூட 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு மட்டும் வண்டியை வாடகைக்கு அமர்த்துபவர்கள், காந்தத்தால் கூரையில் ஒட்டிக்கொள்ளும் விளக்கை வாங்கிக் கயிற்றாலும் கட்டி, சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகிக்கொள்ளலாம். கூரையைத் துளைக்க வேண்டியதில்லை. பயணம் முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். இதற்காகும் செலவு ஒரு பேரணிக்கு ஒலிபெருக்கியும் பதாகையும் பிடிக்கும் செலவில் சிறு பகுதியே.

ஐந்தாவது, வண்டி நிற்கும் இடமும் ஓடும் முறையும். கடைசி சைக்கிளின் சக்கரத்தை உரசிக்கொண்டு வருவது காவல் ஆகாது. பின்னாலிருந்து எவனாவது மோதினால் காவல் வண்டியே பிள்ளைகள்மீது பாயும். சற்றே இடைவெளி விட்டு, இடது ஓரமாக வரவேண்டும். சாலை வளையும் இடத்திலும், மேட்டில் ஏறி இறங்கும் இடத்திலும் வண்டி கொஞ்சம் பின்தங்கவேண்டும். வளைவுக்கு முன்பே விளக்கு தெரிந்தால்தான் பயன் உண்டு. வண்டியின் பின்புறம் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்புப் பட்டை ஒட்டி, ‘முன்னால் சைக்கிள்கள், மெதுவாகச் செல்க’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டவேண்டும். டிரைவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பின்னே வருவதைக் கவனிக்கவேண்டும். அந்த இருவரும் முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியவர்களாக இருக்கவேண்டும். பயணத்தைப் படம் பிடிப்பது அவர்களுடைய வேலையல்ல.

இவ்வளவும் செய்துவிட்டால் சாலை நமது சொந்தமாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. விளக்கு வைத்த வண்டிக்கு வழி கேட்கும் அதிகாரம் கிடையாது. பின்னே பஸ் வரிசை நீண்டுவிட்டால் அகலமான இடம் பார்த்துக் கூட்டத்தை நிறுத்தி, வழிவிட்டு, பிறகு புறப்படுவதே மரியாதை. பஸ்ஸில் வருபவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். பிரசவ வலியோடு ஒருத்தி அதில் இருக்கவும் கூடும். அதுபோலவே, வண்டியில் விளக்கு இருக்கிறதென்று சைக்கிளில் விளக்கில்லாமல் புறப்படுவதும் தவறு. நீண்டதூர சைக்கிள் பயணங்களை நடத்தும் ராண்டனர் சங்கங்களின் முறை இவ்விஷயத்தில் நல்ல பாடம். 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று செல்லும் அந்தப் பயணங்களில் துணை வண்டி கூடவே வருவதை அனுமதிப்பதில்லை. ஆனால் இரவில் ஒவ்வொருவரும் முன்விளக்கும் பின்விளக்கும் பொருத்தி, ஒளி திருப்பும் மேலங்கி அணிந்தே ஓட்டவேண்டும். பலர் சேர்ந்து, பழக்கமில்லாத பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகும் நமது பேரணிகளுக்கோ இரண்டும் வேண்டும். சைக்கிளில் விளக்கு, பின்னால் விளக்கு வண்டி.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் சுழல் விளக்கு நீண்டகாலம் அந்தஸ்தின் அடையாளமாக இருந்து வந்தது. கார் உச்சியில் சிவப்பு விளக்கு வைத்துக்கொண்டு, ஜனங்களை ஓரங்கட்டிவிட்டுப் பறந்தவர்களின் பட்டியல் பெரிது. சுப்ரீம் கோர்ட்டு 2013 டிசம்பரில் அதைக் கண்டித்துத் தீர்ப்புக் கூறியது. மத்திய மந்திரிசபை 2017 ஏப்ரலில் முடிவெடுத்து, அவ்வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி முதல் மந்திரிகளின் கார்களிலிருந்தும் அதை இறக்கியது. நாம் அதை வரவேற்றோம்; இன்றும் வரவேற்கிறோம். பிரபுக்களின் தலையிலிருந்து இறங்கிய விளக்கு பாதசாரிகளின் பின்னால் ஏறவேண்டும் என்பதே இப்போது நாம் கேட்பது.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-வது விதி விளக்குகளைப் பற்றியது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கும், பின்பக்கம் சிவப்பல்லாத விளக்கும் காட்டலாகாது என்று சொல்லி, சில விலக்குகளையும் அது தருகிறது. அவசரப் பணி வண்டிகளுக்கு விலக்கு உண்டு. விமான நிலையம், துறைமுகம் போன்ற வளாகங்களுக்குள் ஓடும் வண்டிகளின் உச்சியில் செம்மஞ்சள் விளக்கு வைப்பதைப் பற்றியும் வாசகம் உண்டு. பொதுச்சாலையில் சைக்கிள் கூட்டத்துக்கோ யாத்திரிகர்களுக்கோ பின்காவலாக வரும் வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதனால் என்ன நேருகிறது? சட்டத்துக்கு அஞ்சுகிறவர் விளக்கே வைப்பதில்லை. அஞ்சாதவர் கடையில் கிடைத்த நீலச் சிவப்பு விளக்கை மாட்டிக்கொண்டு போலீஸ் வேஷம் போடுகிறார். நல்லவனுக்கு இருட்டு, துணிந்தவனுக்கு வெளிச்சம் என்ற இந்த நிலைமை ஒழுங்கான ராஜ்யத்துக்குப் பொருந்துமா?

நாம் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. அனுமதி பெற்ற சைக்கிள் பந்தயம், பேரணி, யாத்திரை ஆகியவற்றின் கடைசி வண்டி, அனுமதிச் சீட்டில் கண்ட தேதியிலும் பாதையிலும் மட்டும் உச்சியில் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்கை எரிக்கலாம் என்று மத்திய சர்க்கார் விதியிலே ஒரு வரி சேர்க்கட்டும். அது வரும்வரை ஜில்லா அதிகாரிகள் செய்யக்கூடியதும் உண்டு. பேரணிக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் எந்த வழி, எத்தனை பேர், எத்தனை ஒலிபெருக்கி என்று கேட்கிறார்கள். கடைசியில் எந்த வண்டி வருகிறது, அதில் என்ன விளக்கு, அதை ஓட்டுபவர் யார் என்றும் கேட்கட்டும். பதில் இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று சொல்லட்டும். தென்காசி ஜில்லா 2019 நவம்பரில் பிறந்த இளம் ஜில்லா. நல்ல வழக்கத்தை முதலில் ஏற்படுத்தும் பெருமையை அது பெறலாம். சங்கரன்கோவிலிலே ஆரம்பிக்கலாம்.

போலீசார் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளமாட்டார்களா என்று ஆட்சேபிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடித்தபசு தினத்தில் ஊருக்குள்ளே ஜனசமுத்திரத்தைச் சமாளிக்கும் போலீசார், ஊருக்கு வெளியே பத்து மைல் தூரத்தில் நடந்து வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால் ஜீப் அனுப்ப முடியுமா? பழனி யாத்திரையின்போது நடந்து செல்பவர்களுக்கு ஒளி திருப்பும் பட்டைகளையும் ஒளிரும் குச்சிகளையும் போலீசாரே கொடுத்து வருவதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் நம்மை நம்பி வந்தவர்களை நாமே காப்பது நமது கடமை. விளக்கு வைத்தால் சிலர் அதை அந்தஸ்துக்காக வைத்துக்கொள்வார்கள் என்ற ஆட்சேபமும் சரியானதே. அதனால்தான் தேதியும் பாதையும் குறித்த சீட்டு வேண்டும் என்கிறோம். சீட்டில்லாத நாளில் எரிந்தால் விளக்கைப் பறிமுதல் செய்யட்டும், நாம் தடுக்கமாட்டோம்.

நடந்து செல்பவர்களுக்கும் இதே நியாயம். 2024 ஜூலை மாதத்தில் தஞ்சாவூர் ஜில்லா வளம்பக்குடிக்கு அருகே, சமயபுரம் மாரியம்மனைத் தரிசிக்க நடந்து சென்றவர்கள்மீது விடியற்காலையில் சரக்கு வண்டி மோதி ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அந்த ஐந்து வீடுகளிலும் அன்று காலை என்ன நடந்திருக்கும் என்பதை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பின்னால் ஒரு விளக்கு இருந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய நம்மால் இயலாது. தூங்கிவிட்ட டிரைவரை எந்த விளக்கும் எழுப்பிவிடாது. ஆனால் விழித்திருக்கும் நூறு டிரைவர்களுக்கு விளக்கு தெரியும். அந்த நூறு பேரின் கையிலிருந்து தப்பும் உயிர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

கடைசியாக, பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் ஊழியர்களை நோக்கிச் சொல்கிறோம். எந்தக் கட்சியாயினும் சரி, எந்தக் கொடியாயினும் சரி. சைக்கிள் பேரணி நடத்துவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதில் வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகள். விசைத்தறியில் வேலை செய்பவர்கள், பூ மார்க்கெட்டில் சுமை தூக்குபவர்கள், சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவர்கள். உங்கள் வார்த்தையை நம்பி அவர்கள் சாலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய தாய்மார்கள் உங்களை நம்பி அனுப்புகிறார்கள். பேரணி முடிந்த பிறகு எத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்கள் கணக்குச் சொல்வதுண்டு. எத்தனை பேர் வீடு சேர்ந்தார்கள் என்ற கணக்குத்தான் முதலாவது கணக்கு.

தலைவர் போகும் வண்டிக்கு மாலையும் தோரணமும் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் புறப்படுமுன் ஒரு முறை கூட்டத்தின் கடைசிவரை நடந்துபோய்ப் பாருங்கள். அங்கே ஒரு வண்டி நிற்கிறதா? அதன் உச்சியில் விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால், எரியும்வரை சங்கு ஊதவேண்டாம். பயணம் அரைமணி நேரம் தாமதமானால் நஷ்டமில்லை. ஒரு பிள்ளை வீடு திரும்பத் தவறினால் அந்த நஷ்டத்தை எந்தக் கொடியும் ஈடுசெய்யாது.